13(2) நோட்டீஸ் வந்துவிட்டால் வீடு போய்விடுமா?

சாத்தூரில் இருந்து ஒரு பெண் கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மிஷின் மேனாக இருந்தவர். வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்றில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து 16 லட்சம் வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். மாதத் தவணை 17,200 ரூபாய். அச்சக வேலை போன பிறகு ஆறு மாதமாக டியூ கட்டவில்லை. இப்போது 12 லட்சத்து 74 ஆயிரத்தையும் 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்து, 22 நாள் ஆகிவிட்டது. 61ஆம் நாள் வீட்டைப் பூட்டிவிடுவார்களா? வீட்டை என் பெயருக்கு மாற்றிவிடலாமா? மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்கிறாரே மாமா, அது சரியா? வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை, என்ன செய்வது? ஜாமீன் போட்ட சித்தப்பாவையும் போனில் மிரட்டுகிறார்கள். இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

61ஆம் நாள் யாரும் வந்து பூட்டுப் போட மாட்டார்கள். முதலில் இதை அப்பாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் பதினான்கு வருடமாக மதுரை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் கடன் வாங்கியவர்கள் பக்கம் நின்று வழக்கு நடத்துகிறேன். அதற்கு முன் ஆறு வருடம் வங்கி வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக இருந்து, உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் இதே நோட்டீஸைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குப் புரிந்த ஒன்று உண்டு. கடன் பெரிது என்பதால் போன வீடுகள் குறைவு. நாளைத் தவறவிட்டதால் போன வீடுகளே அதிகம்.

சில வருடம் முன்பு அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, அதில் ஏழு பதிவுத் தபால் கவர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒப்புகை அட்டையில் எல்லாம் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். "பிரிச்சா கெட்ட சேதிதான் இருக்கும், வச்சிருன்னு அவரு சொன்னாரு தம்பி" என்றார். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, தேதி வரிசையில் மேஜை மேல் அடுக்கினேன். ஐந்தாவது கவரில் ஏல அறிவிப்பு. ஏலம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தக் கவர் வந்த வாரத்தில் அவருடைய தம்பி மூன்று லட்சம் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார். நிலுவைத் தவணை மொத்தமே அவ்வளவு இல்லை. அந்த மஞ்சப்பையை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் கவரைப் பிரித்து, படித்து, நாளை எண்ணியும் வைத்திருக்கிறீர்கள். அதுவே பெரிய விஷயம்.

சரி, உங்கள் கையில் இருக்கும் காகிதம் என்ன என்று பார்ப்போம். 2002ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டத்தின் கீழ், அடமானக் கடன் கொடுத்த வங்கியும் வீட்டுக் கடன் நிறுவனமும் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து ஏலம் விடலாம். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கை வாராக்கடன் என்று குறிப்பார்கள். அதன் பிறகு அனுப்புவதுதான் 13(2) நோட்டீஸ். இதில் நிலுவைத் தவணையை மட்டும் கேட்க மாட்டார்கள், மொத்தக் கடனையும் கேட்பார்கள். அந்தத் தொகையைப் பார்த்துத்தான் ஆட்கள் உடைந்துபோகிறார்கள். உங்கள் அப்பா பார்த்த எண் 12,74,000. ஆனால் உண்மையில் நின்றிருப்பது ஆறு தவணை, அதாவது 1,03,200 ரூபாய், அதோடு அபராதமும் செலவும். கடன் கணக்கு வழக்கத்துக்குத் திரும்ப எல்லா நிலுவைத் தவணையும் கட்டப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிலுவை முழுவதும் ஏறிவிட்டால் வாராக்கடன் முத்திரை நீங்கும், பெரும்பாலான நிறுவனங்கள் நோட்டீஸோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு டியூ, இரண்டு டியூ என்று கட்டினால் முத்திரை போகாது. பலரும் ஏமாறும் இடம் இது. கடன் வாங்கி ஒரு தவணை கட்டிவிட்டு, நோட்டீஸ் செத்துப்போச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். அது உயிரோடுதான் இருக்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது 12 லட்சம் இல்லை. நாளைக்கே கிளைக்குப் போய், கடன் கணக்கு அறிக்கையை முதல் நாளில் இருந்து கேளுங்கள். நிலுவையில் இருந்து மீள எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் வாங்கிக்கொள்ளாதீர்கள். அறிக்கை வந்ததும் பென்சிலை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். அபராத வட்டி என்று போட்டு, அந்த அபராதத்துக்கும் வட்டி ஏற்றியிருக்கிறார்களா? 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தடுத்துவிட்டது. தவறினால் அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அதை அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது. பழைய கடன்களுக்கும் 2024 ஜூன் மாத முடிவுக்குள் இந்த முறைக்கு மாறச் சொல்லியிருந்தது. கேட்காமல் சேர்த்த இன்ஷூரன்ஸ் பிரீமியம், "ஆள் வந்து பார்த்த செலவு" என்று மாதாமாதம் ஏறியது, இவற்றையும் வட்டம் போட்டு வையுங்கள்.

அடுத்து, ஆட்சேபணைக் கடிதம். இருக்கிற 38 நாளில் செய்ய வேண்டியதில் இதுதான் முக்கியமானது, இதைத்தான் அதிகம் பேர் செய்வதில்லை. 13(2) நோட்டீஸுக்கு நீங்கள் ஆட்சேபணையோ கோரிக்கையோ எழுதினால், அதைப் பரிசீலித்து, ஏற்காவிட்டால் காரணத்தோடு 15 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று 13(3ஏ) பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவு சும்மா வந்ததில்லை. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடன் வாங்கியவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் சட்டத்தில் சேர்த்தார்கள். அப்பா பெயரிலும் அம்மா பெயரிலும் கையெழுத்திட்டு எழுதுங்கள். வேலை போன தேதி, இதுவரை ஒழுங்காகக் கட்டிய வருடங்கள், கணக்கில் தவறாகத் தெரியும் வரிகள், நிலுவையை எத்தனை மாதத்தில் எப்படிக் கட்டுவீர்கள், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்ற கோரிக்கை, இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்தில் வந்துவிடும். நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் பெயருக்கு ஒப்புகைச் சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒரு நகலைக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராமலே அவர்கள் அடுத்த அடி எடுத்துவைத்தால், பின்னால் தீர்ப்பாயத்தில் உங்கள் பக்கத்துக்கு அதுவே பலமான புள்ளி. இந்தக் கட்டத்திலேயே தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த விஷயத்தில் சிவில் கோர்ட்டின் கையைச் சட்டமே கட்டிவைத்திருக்கிறது.

60 நாள் முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று வையுங்கள். அப்போது 13(4)இன்படி சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டோம் என்ற அறிவிப்பு ஒட்டுவார்கள். வாசல் கதவிலோ சுவரிலோ ஒரு தாள். ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம், அதில் ஒன்று தமிழில். இதைப் பார்த்ததும் அவமானத்தில் கிழித்து எறிகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்ற வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் கிழிக்காதீர்கள், தேதி தெரிய ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அது காகிதச் சுவாதீனம்தான், நீங்கள் வீட்டுக்குள்தான் இருப்பீர்கள். அந்த நாளில் இருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவின் கீழ் மனுப் போட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னையில் மூன்று தீர்ப்பாயங்கள், கோயம்புத்தூரில் ஒன்று, மதுரையில் ஒன்று. விருதுநகர் மாவட்டம் மதுரைக்கு வரும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 6,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

தீர்ப்பாயம் தடை கொடுத்தாலும் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் கொடுக்கும். இத்தனை வாரத்துக்குள் இவ்வளவு கட்டு என்று உத்தரவு இருக்கும். அந்தத் தேதியில் பணம் கட்டாவிட்டால் தடை தானாகப் போய்விடும். அதனால் வழக்குப் போடுவதற்கு முன்பே, கையில் எவ்வளவு திரட்ட முடியும் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். வக்கீலிடம் பெரிய தொகையைச் சொல்லிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம். அங்கே தோற்றால் சென்னையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, ஆனால் அங்கே நுழையவே பாதித் தொகை கட்டச் சொல்வார்கள், குறைத்தாலும் கால்வாசிக்குக் கீழே போகாது. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியதுதான். எனவே முதல் வாய்ப்பை ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும்.

ஆட்களை வெளியேற்றி நிஜமாகப் பூட்டுப் போட, 14ஆம் பிரிவின் கீழ் கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ நிறுவனம் உத்தரவு வாங்க வேண்டும். இந்த நேரத்தில் பலர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டு, கலெக்டர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கலெக்டர் மனமிரங்கினாலும் இந்தச் சட்டத்தில் அவருக்குக் கடனைத் தள்ளவோ ஏலத்தை நிறுத்தவோ அதிகாரம் கிடையாது, காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து உத்தரவு போடுவதுதான் அவர் வேலை. அந்த மனு வரிசையில் நிற்கும்போதே 45 நாள் கரைந்துவிடும்.

முதல் ஏலம் என்றால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு வர வேண்டும், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கியிருக்க வேண்டும். எல்லோரும் தவறாகப் புரிந்து வைத்திருக்கும் ஒரு தேதி இங்கே இருக்கிறது. ஏலம் நடக்கும் நாள் வரை பணம் கட்டி மீட்டுவிடலாம் என்று ஊரில் சொல்வார்கள். 2016இல் சட்டம் மாறிவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் மொத்தத்தையும் கட்டினால்தான் மீட்பு உரிமை. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அந்த வழக்கில் கடன் வாங்கியவர் ஏலத்துக்குப் பிறகு பணத்தைக் கட்டியும் சொத்து ஏலம் எடுத்தவருக்கே போனது.

வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். 13(2) நோட்டீஸ் கிடைத்த பிறகு நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விற்கவோ செட்டில்மென்ட் எழுதவோ கூடாது என்று 13(13) பிரிவு தடுக்கிறது. மீறினால் தண்டனைக்கும் இடம் உண்டு. எழுதினாலும் அடமானம் வீட்டோடு ஒட்டிக்கொண்டேதான் வரும், பத்திரச் செலவு வீண்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. நிலுவையைத் திரட்ட வழியே இல்லை, அப்பாவுக்கு வேலை கிடைக்கும் நம்பிக்கையும் இல்லை என்றால், நிறுவனத்தின் சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து வீட்டை விற்பதை யோசியுங்கள். ஏலத்தில் போகும் வீடு சந்தை விலைக்குப் போவது அரிது. பூட்டிய வீட்டுக்கு வழக்கு பயத்தோடுதான் ஆட்கள் விலை கேட்பார்கள். நீங்கள் விற்றால் கடனை அடைத்து மீதிப் பணத்தோடு வாடகை வீட்டுக்குப் போகலாம். ஏலத்தில் போனாலும் கடன் போக மிஞ்சுவது உங்களுக்குச் சேர வேண்டிய பணம், அதைக் கேட்டு வாங்க வேண்டும். பற்றாக்குறை வந்தால் அதற்கும் உங்கள் மேல் வழக்குப் போட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆறு லட்சம் மிஞ்ச வேண்டிய குடும்பங்கள் கௌரவம் பார்த்துக் காத்திருந்து வெறுங்கையோடு வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். "ஐ.பி. கொடுத்துட்டான்", அதாவது திவால் மனுக் கொடுத்துவிட்டான் என்றால் கடன் தீர்ந்தது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. மஞ்சள் தாளில் வக்கீல் நோட்டீஸ் போவதால் ஒரு ரூபாய்க் கடன்கூட அழியாது. சார்பு நீதிமன்றத்தில் திவால் மனுப் போட்டு, கோர்ட் விசாரித்து, திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்தான். சென்னை நகரத்துக்கு 1909 சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920 சட்டம். அந்தச் சட்டத்தில் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. உங்கள் அப்பா திவால் ஆனாலும் வீட்டுக் கடன் நிறுவனம் வீட்டை எடுக்கலாம். போதாக்குறைக்கு, முந்தைய இரண்டு வருடத்தில் எழுதிக்கொடுத்த தானமும் செட்டில்மென்டும் ரத்தாகலாம். கைமாற்று, சீட்டுக் கடன், புரோநோட்டு என்று அடமானம் இல்லாத கடன்கள் கழுத்தை நெரிக்கும்போது யோசிக்க வேண்டிய வழி அது. உங்கள் வீட்டைக் காப்பாற்றும் வழி இல்லை.

ஓடிஎஸ் என்று யாராவது சொன்னாலும் நிதானமாக இருங்கள். ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடிப்பது உரிமை கிடையாது, நிறுவனம் மனது வைத்தால்தான். 2021இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. மொத்தப் பணம் இருப்பவர்களுக்குத்தான் அது. வீட்டைத் தக்கவைத்துத் தவணையைத் தொடர நினைக்கும் உங்களுக்குக் கால நீட்டிப்புதான் பொருத்தம்.

சித்தப்பாவுக்கு வரும் போன்கள் பற்றி. ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவருக்குச் சமம், அதை மறுக்க முடியாது. ஆனால் மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, உறவினர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. முகவர் செய்யும் தவறுக்கு நிறுவனமே பொறுப்பு. போனைப் பதிவு செய்து, தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பச் சொல்லுங்கள். அதை வாங்கிய சான்றும் பத்திரமாக இருக்கட்டும், பதில் வராவிட்டால் மேலே புகார் செய்ய அதுதான் ஆதாரம். வீட்டு வாசலில் வந்து கலாட்டா செய்தால் காவல் நிலையம் போகலாம். "போலீஸ்ல சொல்லி உள்ள தள்ளிடுவோம்" என்பது வெற்று மிரட்டல், கடன் கட்டாதது குற்றம் ஆகாது. காசோலையோ, கணக்கில் இருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ஈசிஎஸ்ஸோ பணம் இல்லாமல் திரும்பியிருந்தால் மட்டும் அது தனி வழக்காக வரும். அந்த சம்மன் வந்தால் கட்டாயம் ஆஜராக வேண்டும். கந்துவட்டிக்கு வாங்கி இந்த நிலுவையைக் கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மீட்டர் வட்டியையும் தண்டலையும் தடுக்க 2003 முதல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் அந்தச் சுழலில் விழுந்தவரை மீட்பது வீட்டுக் கடனைவிட நூறு மடங்கு கஷ்டம்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்றீர்கள். உங்கள் அம்மா இந்தக் கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர், இல்லையா? 1987ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி ஒரு பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. அந்தச் சட்டத்தில் கோர்ட் என்ற சொல்லுக்குள் தீர்ப்பாயமும் அடக்கம். வக்கீல் மட்டும் இல்லை, கட்டணச் செலவுக்கும் உதவி கேட்கலாம். உங்கள் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். கொடுக்கப்படும் வக்கீலுக்கு சர்ஃபேசி வழக்கில் பழக்கம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள், இல்லை என்றால் வேறு ஒருவரைக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். இலவசம் என்பதால் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, அது உங்கள் உரிமை.

அங்கேயே மக்கள் நீதிமன்றத்துக்கு மனுவும் கொடுக்கலாம். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அங்கே எழுதும் ஒப்பந்தம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடியாத தவணைக்கு மட்டும் அங்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் மனு இருக்கிறது என்பதால் 45 நாள் கணக்கு நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்பா சரியாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை நான் கடைசி விஷயமாக நினைக்கவில்லை. அவரைத் தனியாக விடாதீர்கள். 104க்கோ 14416க்கோ கூப்பிட்டால் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார், காசு கிடையாது. கடன் காகிதங்களைக் கொஞ்ச நாளைக்கு நீங்களே வாங்கி நீங்களே பிரியுங்கள்.

இந்த வாரம் கணக்கு அறிக்கை, அடுத்த வாரத்துக்குள் ஆட்சேபணைக் கடிதம், நடுவில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். போகும்போது நோட்டீஸ், கவர், கடன் ஒப்பந்தம், தவணை கட்டிய ரசீதுகள், ஆதார் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், மனுவில் கையெழுத்து அவர்தான் போட வேண்டும்.